ஃப்ளோமிஸ் செத்துப்போச்சா, தூங்குதா? லண்டன் களிமண்ணில் மூணாவது முயற்சி

களிமண்காரி · 18 பிப்ரவரி

எல்லாருக்கும் வணக்கம். நான் இருக்கிறது தென்கிழக்கு லண்டன். வீட்டுக்குப் பின்னால ஏழு மீட்டருக்கு அஞ்சு மீட்டர் தோட்டம், முழுக்க மஞ்சள் களிமண். மழை பெஞ்சா பூட்ஸைப் பிடிச்சு இழுக்கும். வெயில் அடிச்சா வத்தின குளம் மாதிரி வெடிக்கும்.

'ஜெருசலேம் சேஜ்'னு அட்டை மாட்டி விக்கிற ஃப்ளோமிஸ் ஃப்ரூட்டிகோசா மேல எனக்கு ஒரு பைத்தியம். சாம்பல் பச்சையில கம்பளி மாதிரி இலை, தண்டைச் சுத்தி அடுக்கடுக்கா மஞ்சள் பூ. முதல் செடி 2022 டிசம்பர் பனியில போச்சு. சரி, குளிர்னு விட்டுட்டேன். ரெண்டாவதுக்கு ராஜ உபசாரம் பண்ணினேன். முழங்கால் ஆழத்துக்குக் குழி வெட்டி, ஒரு மூட்டை தொழு உரம் கொட்டி, வாழை மரம் வைக்கிற மாதிரி வெச்சேன். வாரத்துக்கு ரெண்டு தடவை தண்ணி. கோடையில இடுப்பு உயரம் வளர்ந்துச்சு. ஆனா ஒரு பூ கிடையாது, கிளையெல்லாம் சாய்ஞ்சு படுத்துக்கிச்சு. இப்ப பார்த்தா இலை பூரா கறுத்துத் தொங்குது. அடித்தண்டை அமுக்கினா மெத்துனு இருக்கு.

இந்த வருஷம் குளிர் அவ்வளவு மோசமில்லையே? மூணாவது செடி தொட்டியில வாசல்ல நிக்குது. அதையும் கொல்லுறதுக்கு முன்னாடி யாராவது வழி சொல்லுங்க.

---

சரளைக்கல் · 18 பிப்ரவரி

ரெண்டு காரியம் செய்யுங்கள். தண்டில் நகத்தால் கீறிப் பாருங்கள், உள்ளே பச்சையா பழுப்பா? பிறகு செடியை மெல்ல இழுத்து, வேரை மோந்து பாருங்கள்.

---

களிமண்காரி · 19 பிப்ரவரி

கீறினேன். மேல இருந்து கீழ வரைக்கும் பழுப்பு. இழுக்கவே வேண்டியதில்லை, கையோட வந்துடுச்சு. வேர் ஊறின தேங்காய் நார் மாதிரி இருக்கு, சாக்கடை வாசனை. அதை விடுங்க ஐயா, குழியைப் பார்த்தீங்கன்னா சிரிப்பீங்க. செடி வந்த இடத்துல ஒரு சாண் ஆழத்துக்குத் தண்ணி நிக்குது. மழை நின்னு நாலு நாளாச்சு.

---

சரளைக்கல் · 19 பிப்ரவரி

சிரிக்க மாட்டேன் அம்மா. இருபத்திரண்டு வருடத்துக்கு முன் நான் எஸ்ஸெக்ஸ் வந்த புதிதில் இதே மாதிரி நாலு கிணறு வெட்டியிருக்கிறேன்.

களிமண்ணில் குழி வெட்டி அதில் மட்டும் பொலபொலவென்று உரமண் போட்டால் அது குழி இல்லை, அண்டா. சுற்றிலும் உள்ள களிமண் தண்ணீரை விடாது. தோட்டத்துத் தண்ணீரெல்லாம் மெதுவாக இறங்கி அந்த அண்டாவில் வந்து சேரும். வெயில் காலத்தில் தெரியாது. அக்டோபரில் இருந்து மார்ச் வரை லண்டனில் வெயிலும் இல்லை, மண் காய்வதும் இல்லை. வேர் மூச்சு விடாமல் அழுகும்.

ஒரு கணக்குச் சொல்கிறேன். லண்டனில் ஆண்டு மழை சுமார் 600 மில்லிமீட்டர். சென்னையில் சுமார் 1,400. ஊரில் பெய்வதில் பாதி கூட இங்கே பெய்வதில்லை. ஆனால் அங்கே கொட்டித் தீர்த்துவிட்டு வெயில் அடிக்கும், இங்கே நசநசவென்று நாள் முழுக்கத் தூறி அப்படியே நிற்கும். உங்கள் செடியைக் கொன்றது மழையின் அளவு இல்லை, தண்ணீர் தங்கியது.

இந்தச் செடியின் பிறந்த வீடு எது என்று பாருங்கள். கிரீஸ், சைப்ரஸ், துருக்கி, தெற்கு இத்தாலி. ஆடு மேய்கிற கல்லுக்குன்று. மாரியில் மழை உண்டு, ஆனால் சரிவில் பெய்து ஓடிவிடும். கோடையில் நாலைந்து மாதம் சொட்டு மழை இல்லை. இலையில் அந்தக் கம்பளி எதற்கு? வெயிலைத் திருப்பி அடிக்க, உள்ளே இருக்கிற ஈரத்தைக் காக்க. பஞ்சத்துக்கென்றே உடுத்திக்கொண்டு வந்த செடி. அதற்கு நீங்கள் தொழு உரம் போட்டதால்தான் இடுப்பு உயரம் வளர்ந்து, பூக்க மறந்து, தண்டு நீர்க்கோத்து சாய்ந்தது. அப்படிப் பிஞ்சாக வளர்ந்த தண்டைத்தான் குளிரும் முதலில் பிடிக்கும். வேர் உலர்ந்திருந்தால் ஃப்ரூட்டிகோசா மைனஸ் 10 டிகிரி வரை தாங்கும். ஈரத்தில் நின்றால் அதைவிட லேசான குளிருக்கே போய்விடும்.

மூன்றாவது செடிக்குக் குழி வெட்டாதீர்கள். மேடு போடுங்கள். இரண்டடி அகலம், முக்கால் அடி உயரம். தோட்டத்து மண் ஒரு பங்கு, கரடுமுரடான கிரிட் (பொடிக்கல்) ஒரு பங்கு. கட்டட வேலைக்கான நைஸ் மணல் கூடாது, அது களிமண்ணோடு சேர்ந்து செங்கல் ஆகிவிடும். உரம் பூஜ்யம். வீட்டுச் சுவர் ஓரம், தெற்குப் பார்த்த இடம். மேலே ஒரு விரற்கடை கனத்துக்குச் சரளை. நடுவது ஏப்ரலில். அதுவரை தொட்டி மழைக்கு ஒதுங்கி நிற்கட்டும்.

முடிந்தால் ஒரு நாள் கோல்செஸ்டர் பக்கம் எல்ம்ஸ்டெட் மார்க்கெட்டில் இருக்கிற பெத் சாட்டோ தோட்டத்துக்குப் போய் வாருங்கள். 1990களின் தொடக்கத்தில் பழைய கார் நிறுத்துமிடத்தை அந்த அம்மாள் சரளைத் தோட்டமாக்கினார். இங்கிலாந்திலேயே மழை குறைந்த பகுதி அது. வேர் பிடித்த பிறகு தண்ணீரே விடுவதில்லை என்பது அங்கே சட்டம். ஃப்ளோமிஸ் அங்கே எப்படி நிற்கிறது என்று பார்த்தால் நான் இவ்வளவு பேச வேண்டியிருக்காது.

---

மெல்போர்ன் மல்லி · 20 பிப்ரவரி

சரளைக்கல் ஐயா சொல்றதுல முக்கால்வாசி சரி. ஆனா களிமண்ணையே வில்லன் ஆக்காதீங்க. எங்க வீட்டுல ஒன்பது வருஷமா சுத்தக் களிமண்ல ஃப்ரூட்டிகோசா நிக்குது. கிரிட் போடல, மேடு போடல. தபால் பெட்டிக்கிட்ட நட்டதோட சரி, கடைசியா எப்போ தண்ணி விட்டேன்னு ஞாபகமே இல்ல. 40 டிகிரி வெயில்ல இலை சுருண்டு தொங்கும், மறுவாரம் நிமிர்ந்துக்கும்.

---

சரளைக்கல் · 20 பிப்ரவரி

உங்கள் நிலம் சரிவா அம்மா?

---

மெல்போர்ன் மல்லி · 20 பிப்ரவரி

ஆமா. வீட்டுல இருந்து ரோட்டுக்கு நல்ல இறக்கம். மழை பெஞ்சா தண்ணி நேரா ரோட்டுக்கு ஓடிடும்.

...சரி, புரியுது புரியுது 😄

---

சரளைக்கல் · 20 பிப்ரவரி

ஆனாலும் உங்கள் பேச்சில் நியாயம் உண்டு. களிமண்ணில் சத்து இருக்கிறது, கோடையில் அடி ஈரத்தைப் பிடித்து வைக்கும். தண்ணீர் வழிந்தோட வழி இருந்தால் களிமண் மோசமில்லை. நான் எழுதியதைத் திருத்திக்கொள்கிறேன்.

---

மொட்டைமாடி மன்னன் · 21 பிப்ரவரி

அம்பத்தூர்ல இருந்து எழுதுறேன். போட்டோ பார்த்து ஆசையா இருக்கு. விதை ஆன்லைன்ல கிடைக்குதாம். மாடியில குரோபேக்ல வருமா அண்ணே? வெயிலுக்கு இங்க பஞ்சமே இல்லையே.

---

சரளைக்கல் · 21 பிப்ரவரி

முளைக்கும் தம்பி. ஓராண்டு ஓட்டலாம். ஆனால் இந்தச் செடிக்கு மழையும் குளிரும் ஒன்றாக வரவேண்டும், வெயிலும் வறட்சியும் ஒன்றாக வரவேண்டும். சென்னையில் ஐப்பசி, கார்த்திகை மழை புழுக்கத்தோடு வருகிறது. கம்பளி இலையில் ஈரமும் வெக்கையும் சேர்ந்து உட்கார்ந்தால் பூஞ்சை பிடிக்கும். காசைச் செலவழிக்க வேண்டாம். இந்தியாவில் இந்த இனத்தைப் பார்த்தே ஆகவேண்டும் என்றால் காஷ்மீர் போங்கள். ஃப்ளோமிஸ் காஷ்மீரியானா என்றே ஒன்று உண்டு, வெளிர் ஊதாப் பூ.

---

ஸ்காபரோ சிவா · 22 பிப்ரவரி

நான் டொரொண்டோவில இருக்கிறன். இஞ்ச மைனஸ் 20 எல்லாம் வரும். ஃப்ரூட்டிகோசா ரெண்டு தரம் வாங்கிக் காசைக் கரியாக்கினதுதான் மிச்சம். பிறகு ஒரு பக்கத்து வீட்டு இத்தாலியன் மனுசி தன்ர வளவில இருந்து கிண்டித் தந்தவ, ஃப்ளோமிஸ் ரஸ்ஸலியானா. அது பத்தை மரம் இல்லை, நிலத்தோட படர்ந்து இருக்கிற சாதி. இதய வடிவில பெரிய இலை, தண்டு மூண்டடி நிமிரும், வெளிர்மஞ்சள் பூ. எட்டு வருசமா பனிக்குக் கீழ படுத்துக் கிடந்து ஒவ்வொரு ஏப்ரலும் எழும்பி வருது. இலை அவ்வளவு நெருக்கமா மூடுறதால புல் பூண்டு முளைக்க இடமே இல்லை.

இன்னொண்டு டியூபரோசா. வேரில கிழங்கு கட்டும், அஞ்சடி உயரம், ஊதாப்பூ. இப்ப அதை ஃப்ளோமாய்டிஸ் எண்டு வேற பேருக்கு மாத்திப் போட்டினம், கடையில இன்னும் பழைய பேர்தான். குளிருக்கு அதை அடிக்க ஆளில்லை.

அக்கா, நீங்கள் லண்டன்ல ரஸ்ஸலியானாவையும் வைச்சுப் பாருங்கோ. களிமண்ணை மற்றதை விட நல்லாச் சகிக்கும். காய்ஞ்ச பூந்தண்டை மட்டும் இலையுதிர் காலத்தில வெட்டிப் போடாதேங்கோ. ஒவ்வொரு கணுவிலயும் உருண்டை உருண்டையா நிக்கும், அதில உறைபனி பிடிச்சிருக்கிற காலமையைப் பாக்கிறதுக்காகவே நான் குளிருக்குள்ள வெளியில போறனான். பெப்ரவரி கடைசியில வெட்டினால் போதும்.

---

குன்னூர்க் குருவி · 22 பிப்ரவரி

ரஸ்ஸலியானா பேச்சு வந்ததால ஒரு கிளைக்கதை. இந்த ரஸ்ஸல் யார் தெரியுமா? 18-ஆம் நூற்றாண்டுல சிரியாவின் அலெப்போ நகரத்துல டாக்டரா இருந்த அலெக்ஸாண்டர் ரஸ்ஸல். அந்த ஊரோட இயற்கை வரலாற்றை 1756-ல புத்தகமா போட்டவர். அவருக்கு ஒரு தம்பி, வேறு தாய் வயித்துப் பிள்ளை, பேட்ரிக். அவரும் அலெப்போவுல வேலை பார்த்துட்டு அப்புறம் விசாகப்பட்டினம் வந்து சேர்ந்தார். கிழக்கிந்தியக் கம்பெனிக்காக நம்ம சோழமண்டலக் கரையோரப் பாம்புகளை ஒண்ணொண்ணா வரைஞ்சு எழுதி, 1796-ல புத்தகம் வந்துச்சு. நம்ம கண்ணாடி விரியனுக்கு இங்கிலீஷ்ல 'ரஸ்ஸல்ஸ் வைப்பர்'னு பேர் வந்தது இந்தத் தம்பியாலதான்.

அண்ணனுக்குப் பூ, தம்பிக்கு விரியன்.

(அப்புறம் 'ஜெருசலேம் சேஜ்' ஜெருசலேமுலயும் இல்ல, சேஜும் இல்ல. ஃப்ளோமிஸ் இட்டாலிகான்னு ஒண்ணு இருக்கு, ரோஜா நிறப்பூ. அது இத்தாலியிலயே கிடையாது, ஸ்பெயின் பக்கம் மயோர்க்கா, மெனோர்க்கா தீவுல வளருது. பேர் வைக்கிறவங்க பாவம்.)

---

மொட்டைமாடி மன்னன் · 23 பிப்ரவரி

பாம்பெல்லாம் வந்துடுச்சு. எனக்கு என்ன வழி? 😢

---

விருதுநகர் வெயில் · 23 பிப்ரவரி

தம்பி, போட்டோவை நல்லா உத்துப் பாருங்க. நாலு பட்டைத் தண்டு. எதிரெதிர் இலை. கணுவுக்குக் கணு உருண்டையா பூச்சக்கரம், ஒவ்வொரு பூவும் மேல ஒரு முக்காடு, கீழ ஒரு நாக்கு. இது யாரு மாதிரி இருக்கு?

தும்பைங்க! கலர்தான் வேற. செடிகளுக்கு லத்தீன் பேர் வெச்ச தாவரவியல் அறிஞர் லின்னேயஸ் 1753-ல இலங்கைத் தும்பைக்கு வெச்ச பேரே 'ஃப்ளோமிஸ் ஸெய்லானிக்கா'. நம்ம ஊர்த் தும்பையையும் முதல்ல 'ஃப்ளோமிஸ் ஆஸ்பெரா'ன்னுதான் எழுதினாங்க. பின்னாடிதான் லூக்காஸ்னு தனியாப் பிரிச்சாங்க. உங்களுக்கு ஆன்லைன் விதை எதுக்கு? ஆடி, ஆவணியில ஒரு மழை பெய்யட்டும், காலி மனையில தானா வந்து நிக்கும். ரெண்டு பிடுங்கி குரோபேக்ல வைங்க. மாடி பூரா பட்டாம்பூச்சி.

---

பழம்பொருநன் · 23 பிப்ரவரி

தும்பை என்றதும் சும்மா இருக்க முடியவில்லை. தொல்காப்பியம் புறத்திணைகளில் தும்பை என்றே ஒரு திணை வைத்திருக்கிறது. இரு படையும் நேருக்கு நேர் நின்று வலிமையைக் காட்டும் போர். சூடும் பூ தும்பை. இத்தனை சின்னப் பூவைப் போய்ப் போருக்குச் சூட்டினார்களே என்று நினைப்பதுண்டு.

இன்னொன்று. 'தும்பை விட்டு வாலைப் பிடித்த கதை' என்பதில் வருவது இந்தப் பூ அல்ல. தும்பு, மாட்டுக் கயிறு. போன மாதம் வேறொரு இழையில் ஒருவர் அதைப் பூ என்றே விளக்கி நாற்பது லைக் வாங்கியிருந்தார்.

---

நெறியாளர் · 23 பிப்ரவரி

இலக்கியத்துக்குத் தனிப் பகுதி உண்டு 🙂 செடிக்கு வாங்க.

---

விருதுநகர் வெயில் · 24 பிப்ரவரி

செடிதான் பேசப்போறேன் நெறியாளரே. ஃப்ளோமிஸ்ல லிக்னிட்டிஸ்னு ஒரு வகை, ஸ்பெயின், போர்ச்சுகல் பக்கம் விளையுது. 'லிக்னோஸ்'னா கிரேக்கத்துல விளக்கு. அந்தக் கம்பளி இலையைத்தான் அந்தக் காலத்துல விளக்குக்குத் திரியாப் போட்டிருக்காங்க.

எங்க பாட்டி பேய்மிரட்டி இலையை, அதுவும் பச்சை இலையை, சுருட்டித் திரியாக்கி நல்லெண்ணெய் விளக்குல போடுவாங்க. நின்னு எரியும். பேய்மிரட்டியும் இதே துளசிக் குடும்பம்தான். எங்கேயோ இருக்கிற ஸ்பெயின்காரனும் எங்க பாட்டியும் சொல்லிவெச்ச மாதிரி ஒரே வேலையைப் பண்ணியிருக்காங்க.

லண்டன் அக்கா, உங்க தொட்டிச் செடியில ஒரு இலை கிள்ளி எரிச்சுப் பாருங்களேன்.

---

ஸ்காபரோ சிவா · 24 பிப்ரவரி

தும்பை எண்டதும் அம்மாட வறைதான் ஞாபகம் வருது. தேங்காய்ப்பூ போட்டு, ஒரு கசப்போட. ஃப்ளோமிஸ் இலையை ஒருத்தரும் வறுத்துப் போடாதேங்கோ, நான் சொல்லேல்ல.

---

களிமண்காரி · 2 மார்ச்

எரிச்சேன் 😄

ஒரு இலை பச்சையா, ஒரு இலை ரேடியேட்டர் மேல ரெண்டு நாள் காயவெச்சது. பச்சை இலை படபடன்னு வெடிச்சு அணைஞ்சுடுச்சு. காய்ஞ்சதைத் திரிச்சு நல்லெண்ணெயில ஊறவிட்டேன். அந்தப் பஞ்சு மெதுவா எண்ணெயைக் குடிக்கிறது கண்ணுக்கே தெரிஞ்சுது, சாம்பல் நிறம் போய் கண்ணாடி மாதிரி ஆச்சு. பத்தவெச்சா சின்னச் சுடர், ஆடாம நின்னுச்சு. ஒரு உலை சோறு கொதிக்கிற நேரம் எரிஞ்சுது. வீட்டுக்காரர் ஸ்மோக் அலாரத்தைக் கையில பிடிச்சுக்கிட்டே நின்னார்.

மேடு போட்டாச்சு. எட்டு மூட்டை கிரிட் தூக்கி முதுகு போச்சு. உரம் போடக் கை பரபரங்குது, போடல.

---

மெல்போர்ன் மல்லி · 3 மார்ச்

ஒரு முக்கியமான விஷயம் யாருமே சொல்லல. கவாத்து பண்ணும்போது மாஸ்க் போடுங்க. போன வருஷம் நல்ல வெயில்ல, காத்துல, சாவகாசமா நின்னு வெட்டினேன். இலையில இருக்கிற அந்தப் பஞ்சு சின்னச் சின்ன நட்சத்திர முடி, பொடியாப் பறக்குது. ராத்திரி பூரா தொண்டையில கம்பளிப்பூச்சி ஏறின மாதிரி இருமல். மழை தூறி இலை நனைஞ்சிருக்கிறப்ப வெட்டுறது நல்லது.

வெட்டுறதும் பூ முடிஞ்ச உடனே, இலை இருக்கிற பகுதி வரைக்கும்தான். மரமாகிப் போன மொட்டைக் கட்டையில வெட்டினா துளிர்க்கும்னு நம்பாதீங்க.

---

களிமண்காரி · 11 மே

ஏப்ரல் 14 நட்டேன். புது இலை வருது. ஆனா இலை மேல வெளிர் புள்ளி புள்ளியா, ஊசியால குத்தின மாதிரி. தொட்டா கடுகை விடச் சின்னதா ஏதோ துள்ளிக் குதிக்குது. வேப்பெண்ணெய் அடிக்கலாமா?

---

சரளைக்கல் · 11 மே

தத்துப்பூச்சி. சேஜ், ரோஸ்மேரி, புதினா எல்லாவற்றிலும் இருக்கும். இலையின் அடிப்பக்கத்தில் உட்கார்ந்து சாற்றை உறிஞ்சும், அதன் தடம்தான் புள்ளி. பார்க்க அசிங்கம், செடிக்கு ஆபத்தில்லை. கம்பளி இலையில் எண்ணெய் தெளித்தால் பிசுபிசுவென்று ஒட்டி, பூச்சியை விட அதிகக் கெடுதல் செய்யும். விட்டுவிடுங்கள்.

---

களிமண்காரி · 22 ஜூன்

பூத்துடுச்சு!!

ஒரே ஒரு தண்டுதான். ரெண்டு அடுக்கு. எண்ணிட்டேன், மொத்தம் பத்தொன்பது பூ. தண்ணி விட்டது ஏப்ரல்ல மூணு தடவை, மே மாசம் ஒரு தடவை. அவ்வளவுதான்.

காலையில டீ டம்ளரோட பக்கத்துலயே உட்கார்ந்திருந்தேன். சாதாரணத் தேனீ வந்து சுத்திட்டுப் போயிடுது, முக்காடைத் தூக்க அதுக்குத் தெம்பு இல்ல போல. அப்புறம் ஒரு பம்பிள்பீ, குண்டு, பின்பக்கம் வெள்ளை. நாக்குல காலை ஊன்றித் தலையை உள்ள நுழைச்சு முட்டுச்சு பாருங்க, முக்காடு கதவுக் கீல் வெச்ச மாதிரி மேல தூக்குச்சு. முதுகு பூரா மகரந்தம். வெளிய வந்ததும் முக்காடு மறுபடி இறங்கி மூடிக்கிச்சு. நானும் விரலால தூக்கிப் பார்த்தேன், விட்டா திரும்ப மூடுது. பத்து தடவை பண்ணியிருப்பேன்.

வீடியோ கால்ல அத்தைக்கிட்ட (பாளையங்கோட்டை) காட்டினேன். கண்ணாடியை மாட்டிப் பார்த்துட்டு, "தும்பைச் செடிக்கா இவ்வளவு கல்லு தூக்குன? அதென்ன மஞ்சளாப் பூத்திருக்கு, சாமிக்கு ஆகாதே"ன்னாங்க.

---

விருதுநகர் வெயில் · 22 ஜூன்

அத்தை கில்லாடி 👏

---

மொட்டைமாடி மன்னன் · 23 ஜூன்

வாழ்த்துகள் அக்கா. நான் ஆடி மழைக்குக் காத்திட்டிருக்கேன். பக்கத்து மனையில இப்பவே ரெண்டு நாத்து தலைகாட்டுது, இன்னும் பூ வரல.

---

ஹாரோ ஹரிணி · 23 ஜூன்

இத்தனை நாள் சத்தம் போடாம படிச்சிட்டிருந்தேன். நானும் லண்டன்தான், அக்கா. ஒரு கட்டிங் கிடைக்குமா?

---

களிமண்காரி · 23 ஜூன்

இந்த வருஷம் செடி இன்னும் குழந்தை. ஆனா பூக்காத கிளை ஒண்ணு ரெண்டு இருக்கு, ஆகஸ்ட்ல தண்டு கொஞ்சம் முத்தினதும் வாங்க. சரளைக்கல் ஐயா, கட்டிங்கை பாலித்தீன் பையால மூடணுமா?

---

சரளைக்கல் · 23 ஜூன்

கூடவே கூடாது. மூடினால் கம்பளி இலை வேர்த்து அழுகிவிடும். நாலு அங்குலத் தண்டு, கீழ் இலையைக் கிள்ளிவிட்டு, பாதி கிரிட் கலந்த மண்ணில் தொட்டி விளிம்பை ஒட்டிக் குத்துங்கள். நிழல், லேசான ஈரம். ஆறு வாரம் இழுத்துப் பார்க்காதீர்கள்.

---

ஹாரோ ஹரிணி · 23 ஜூன்

இழுத்துப் பார்க்காம இருக்கிறதுதான் கஷ்டம் ஐயா. நாலு தொட்டி தயார் பண்ணி வைக்கிறேன்.